ஓர் அறிவியல் கோட்பாட்டைச் சோதிப்பது எப்படி: பசுமை இல்ல விளைவைக் கொண்டு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பகுதிப் பள்ளி மாணவர்கள் அறிவியல் கண்காட்சிக்கும் ஆய்வுத் திட்டங்களுக்கும் ஆயத்தமாகும்போது அவர்களுடன் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கணக்கிலோ கருவியிலோ அல்ல, வரிசையில்தான். முதலில் அளந்துவிடுகிறார்கள், எதைச் சோதிப்பதற்காக அளந்தோம் என்பதை அதன் பிறகுதான் யோசிக்கிறார்கள். எனவே இந்த வழிகாட்டி வரிசையையே முதன்மையாகப் பேசுகிறது. பசுமை இல்ல விளைவை எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம், அதில் மொட்டை மாடியில் நாமே சோதிக்கக்கூடிய பகுதியும், செயற்கைக்கோள் இல்லாமல் தொடவே முடியாத பகுதியும் அருகருகே இருப்பதுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பக்க எண் இட்ட ஒரு நோட்டு, அழிக்க முடியாத பேனா, ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு வெப்பமானிகள், பூஜ்ஜியத்துக்குக் கீழே −50 டிகிரி வரை காட்டும் ஓர் அகச்சிவப்பு வெப்பமானி, நான்காம் மூலம் காணக்கூடிய ஒரு கால்குலேட்டர் ஆகியவை போதும்.

காய்ச்சல் பார்க்கப் பயன்படும் துப்பாக்கி வடிவக் கருவி இதற்கு உதவாது. அது மனித உடலின் வெப்பநிலையை ஒட்டிய சிறிய எல்லைக்குள் மட்டுமே எண் காட்டும். பட்டறைகளில் மோட்டாரின் சூட்டைப் பார்க்க வைத்திருக்கும் தொழில்முறைக் கருவியே வேண்டும்.

பேனாவை வலியுறுத்துவதற்கும் காரணம் உண்டு. ஒரு மாணவி தன் கணிப்பைப் பென்சிலில் எழுதியிருந்தார். அளவீடு வேறாக வந்ததும், தாம் முதலிலேயே தவறாக எழுதிவிட்டதாக உண்மையாகவே நம்பி, பழையதை அழித்துப் புதிய எண்ணை எழுதினார். அவரிடம் ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. ஆனால் சோதனை அந்த இடத்திலேயே செத்துவிட்டது.

2. கோட்பாட்டைச் சங்கிலியாகப் பிரித்து எழுதுங்கள்

‘கார்பன் டை ஆக்சைடு பூமியைச் சூடாக்குகிறது’ என்று ஒற்றை வாக்கியமாக எழுதினால் எதையும் சோதிக்க முடியாது. அந்த வாக்கியத்துக்குள் ஐந்து தனித்தனிக் கூற்றுகள் மறைந்திருக்கின்றன.

முதலாவது, சூரிய ஒளியின் பெரும்பகுதி காற்றைக் கடந்து வந்து தரையைச் சூடாக்குகிறது. இரண்டாவது, சூடான தரை, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களான அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. மூன்றாவது, நீராவி, கார்பன் டை ஆக்சைடு போன்ற சில வாயுக்கள் குறிப்பிட்ட அலைநீளங்களில் அக்கதிர்களை உட்கவர்ந்து, தாமும் கதிர்களை வெளியிடுகின்றன. காற்றில் ஏறத்தாழ 99 விழுக்காடாக உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் அவ்வாறு செய்வதில்லை. நான்காவது, மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறது; ஆகவே விண்வெளிக்குத் தப்பும் கதிர்களில் பெரும்பகுதி குளிர்ந்த உயரத்திலிருந்து, வலுக்குறைந்து செல்கிறது. ஐந்தாவது, அவ்வாயுக்கள் பெருகினால் கதிர் தப்பும் உயரம் இன்னும் மேலேறும், அங்கே குளிர் அதிகமாதலால் வெளியேறும் ஆற்றல் குறையும், வரவும் செலவும் மீண்டும் சமமாகும்வரை தரை சூடாகும்.

கண்ணிகளைப் பிரிப்பதால் ஒவ்வொன்றையும் தனியே சோதிக்கலாம்; ஒன்று அறுந்தால் எது அறுந்தது என்றும் தெரியும். நான்காம் கண்ணியை ஏறத்தாழ எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அடிவாரத்தில் வியர்க்க வியர்க்கப் பேருந்தேறி ஏலகிரியில் இறங்கும் எவரும் அதை உடலால் அறிந்தவர்களே. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. இந்தக் குறைவு இல்லாவிட்டால் பசுமை இல்ல விளைவே இல்லை.

3. போட்டி விளக்கங்களை அருகிலேயே எழுதுங்கள்

நம் கோட்பாடு சொல்வதையே வேறொரு விளக்கமும் சொல்லுமானால், அந்த அளவீடு இரண்டில் எதையும் சோதிப்பதில்லை. இவ்வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் மனத்தில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். விளக்கங்கள் எந்த இடத்தில் பிரிகின்றனவோ அந்த இடத்தில்தான் அளக்க வேண்டும்.

சிறிய எடுத்துக்காட்டு ஒன்று. சித்திரை வெயில் நாள் ஒன்றில், பொழுது சாய்ந்து அரைமணி கழித்து வேலூர்க் கோட்டைக்குள் மதிலோரம் நின்றால் கருங்கல்லின் அனல் முகத்தில் படும். கல் கதிர்வீசுவதால் அது படுகிறது என்பது ஒரு விளக்கம். அங்குள்ள காற்று சூடாக இருப்பதால் படுகிறது என்பது இன்னொரு விளக்கம். ‘அனல் அடிக்கிறது’ என்ற உணர்வு இரண்டுக்கும் பொது. இப்போது ஓர் அட்டையை முகத்துக்கும் சுவருக்கும் நடுவில் பிடியுங்கள். கதிராக இருந்தால் அட்டை வந்த கணத்திலேயே அனல் நின்று, எடுத்த கணத்திலேயே திரும்ப வேண்டும். காற்றின் சூடாக இருந்தால் அவ்வளவு உடனடி மாற்றம் வரக் காரணமில்லை. உடனே நிற்பதை நீங்களே உணரலாம். இரண்டாம் கண்ணிக்கு இது போதுமான தொடக்கம்.

பெரிய எடுத்துக்காட்டு, கடந்த அரை நூற்றாண்டின் வெப்ப உயர்வு. சூரியன் வலுத்ததே காரணம் என்றால் வளிமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். கடல் தன் வெப்பத்தை வெளியே விட்டதே காரணம் என்றால் கடல் குளிர்ந்திருக்க வேண்டும். பசுமை இல்ல வாயுக்கள் காரணம் என்றால் கீழடுக்கு சூடாகி, ஸ்ட்ராட்டோஸ்பியர் எனப்படும் மேலடுக்கு குளிர வேண்டும். ஏனெனில் அங்கே கூடுதலாகச் சேரும் கார்பன் டை ஆக்சைடு விண்வெளிக்குக் கூடுதலாகக் கதிர்வீசுகிறது. காலநிலை அறிவியலாளர்களான மனாபேயும் வெதரால்டும் 1967-லேயே கணக்கிட்டு இதை வெளியிட்டனர். பின்னர் பலூன்களும் செயற்கைக்கோள்களும் மேலடுக்கு குளிர்ந்து வருவதைக் கண்டன. அக்குளிர்ச்சியில் ஒரு பங்கு ஓசோன் குறைவால் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் மேலடுக்கின் உயர்ந்த பகுதிகளில் கார்பன் டை ஆக்சைடின் பங்கே பெரிது. கடலோ குளிரவில்லை, வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டே வருகிறது. சூரியன் தரும் ஆற்றலைச் செயற்கைக்கோள்கள் 1978 முதல் அளந்துவருகின்றன. பதினோராண்டுச் சுழற்சியில் ஏறத்தாழ 0.1 விழுக்காடு ஏறி இறங்குவது தவிர, தொடர்ந்த உயர்வு எதுவும் அதில் இல்லை.

‘இந்த ஆண்டு வேலூரில் வெயில் கொளுத்துகிறது’ என்பது ஏன் சான்றாகாது என்பதும் இங்கேயே விளங்கிவிடும். கான்கிரீட் கட்டடங்கள் பெருகியது, மரங்கள் குறைந்தது, அந்த ஆண்டு மழை பொய்த்தது ஆகிய எல்லா விளக்கங்களும் அதையே சொல்லும்.

4. சொல்லை எண்ணாக மாற்றுங்கள்

‘சூடாகும்’ என்ற சொல்லுக்குத் தோற்கும் வாய்ப்பே இல்லை. எவ்வளவு என்று சொல்லும்போதுதான் கோட்பாடு தன் கழுத்தை நீட்டுகிறது.

பசுமை இல்ல விளைவு இல்லாத பூமியின் வெப்பநிலையை நாமே கணக்கிடலாம். பூமியின் தொலைவில், சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது சுமார் 1361 வாட். அதை நான்கால் வகுக்க வேண்டும். இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். சூரியனுக்குப் பூமி ஒரு வட்டத்தட்டாகத் தெரிகிறது. அத்தட்டில் விழும் ஆற்றல் அதைப்போல நான்கு மடங்கு பரப்புள்ள கோளம் முழுவதற்கும் பங்கிடப்படுகிறது. வருவது 340 வாட். அதில் 30 விழுக்காடு மேகம், பனி, மணல் முதலியவற்றால் திருப்பி அனுப்பப்படுவதால் எஞ்சுவது ஏறத்தாழ 238 வாட். இதை, ஒரு பொருளின் வெப்பநிலையையும் அது வீசும் கதிரையும் இணைக்கும் ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் மாறிலியான 5.67 × 10⁻⁸ ஆல் வகுத்து நான்காம் மூலம் கண்டால் 255 கெல்வின், அதாவது −18 டிகிரி செல்சியஸ் கிடைக்கும்.

பூமியின் உண்மையான சராசரித் தரைமட்ட வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரி. இடைவெளி 33 டிகிரி. அத்துடன் நிறுத்தாமல் மறுபக்கத்தையும் கணக்கிடுங்கள். 15 டிகிரியில் உள்ள தரை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 390 வாட் வெளியிட வேண்டும். விண்வெளியிலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கோ ஏறத்தாழ 240 வாட் மட்டுமே தெரிய வேண்டும். செயற்கைக்கோள்கள் அளந்து காட்டுவதும் அதுவே. நடுவில் காணாமற்போகும் 150 வாட்டை விளக்காத எந்தப் போட்டிக் கோட்பாடும் இந்தச் சோதனையில் நிற்காது.

கெல்வினுக்குப் பதிலாகச் செல்சியஸை நான்கின் அடுக்குக்கு ஏற்றுவது இக்கணக்கில் அடிக்கடி நேரும் தவறு. விடை பொருத்தமற்று வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

5. துணை அனுமானங்களை வெளியே எடுங்கள்

எந்தக் கோட்பாடும் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை. கருவி சரி, சூழல் சரி, வேறொன்றும் மாறவில்லை என்ற பல அனுமானங்களின் துணையோடுதான் வருகிறது. அவற்றை எழுதாமல் விட்டால், சரியான விடையே தவறான காரணத்தால் வரும்.

கண்காட்சிகளில் ஆண்டுதோறும் பார்க்கும் போத்தல் சோதனை இதற்குப் பாடம். இரண்டு போத்தல்கள், ஒன்றில் காற்று, மற்றொன்றில் வினிகரும் சோடா உப்பும் கலந்து உண்டாக்கிய கார்பன் டை ஆக்சைடு, மேலே ஒரு குண்டு பல்பு. கார்பன் டை ஆக்சைடு போத்தல் கூடுதலாகச் சூடாகிறது, கைதட்டல் கிடைக்கிறது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, வெப்பத்தைக் குறைவாகக் கடத்துவது. அது அடியில் தங்கிக் காற்றோட்டத்தைத் தடுப்பதாலேயே சூடு கூடலாம். இந்த ஐயத்தை 2010-ல் வெளியான ஓர் ஆய்வு நேராகச் சோதித்தது. ஆர்கான் வாயுவும் காற்றைவிடக் கனமானது, ஆனால் அகச்சிவப்பை உட்கவர்வதில்லை. அதை நிரப்பியபோதும் ஏறத்தாழ அதே அளவு சூடு கூடியது. ஆகவே அந்தப் போத்தல் காட்டியது பசுமை இல்ல விளைவை அல்ல.

இதைக் கேட்டதும் சில மாணவர்கள் கோட்பாடே பொய் என்று முடிவுக்குத் தாவுகிறார்கள். அதுவும் தவறு. சங்கிலியைத் திரும்பப் பாருங்கள். ஒரு சாண் உயரப் போத்தலில் மேலே குளிர்ந்த அடுக்கு இல்லை. நான்காம் கண்ணியே அங்கில்லாதபோது, கோட்பாடு அந்தப் போத்தலைப் பற்றிப் பெரிதாக எதையும் கணிக்கவில்லை. வளிமண்டலத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு முழுவதையும் பிரித்தெடுத்துத் தரைமட்ட அழுத்தத்தில் பரப்பினால் மூன்று மீட்டருக்குச் சற்று மேலான படலம் கிடைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

போத்தல் சோதனையைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்வதில்லை. மூன்றாவதாக ஓர் ஆர்கான் போத்தலையும் வைக்கச் சொல்கிறேன். ராணிப்பேட்டை, காட்பாடிப் பக்கத்து வெல்டிங் பட்டறைகளில் ஆர்கான் சிலிண்டர் இருக்கும்; பெரியவர் ஒருவர் துணையோடு, காற்றோட்டமான இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். கட்டுப்பாட்டுச் சோதனை எதற்கு என்பதை எந்தப் பாடநூலைவிடவும் அந்த மூன்றாம் போத்தல் நன்றாகக் கற்றுத்தரும்.

6. தோல்வி எப்படியிருக்கும் என்று முன்கூட்டியே எழுதி, தேதியிடுங்கள்

‘இந்த அளவீடு இவ்வாறு வந்தால் நான் இக்கூற்றைக் கைவிடுவேன்’ என்ற வாக்கியம் அளவீட்டுக்கு முன் நோட்டில் இருக்க வேண்டும். சோதனையில் பங்கேற்காத ஒருவர் அதன் கீழே கையெழுத்திட வேண்டும். விடை தெரிந்த பிறகு எதையும் பொருத்திக்காட்டும் ஆற்றல் நம் எல்லோருக்கும் உண்டு என்பதே இதற்குக் காரணம்.

1991 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது, பூமியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி குறைந்து சில ஆண்டுகளில் மீளும் என்று காலநிலை அறிவியலாளர் ஹான்சனும் குழுவினரும் கணினி மாதிரியைக் கொண்டு கணித்து, குளிர்ச்சி முழுமையாக வெளிப்படும் முன்பே வெளியிட்டனர். அவ்வாறே நடந்தது. நடக்காமல் போயிருந்தால் மறைக்க இடமிருந்திருக்காது.

7. கோட்பாட்டைச் சோதிக்கும் முன் கருவியைச் சோதியுங்கள்

இரண்டு வெப்பமானிகளையும் நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் சில நிமிடங்கள் வைத்து, இரண்டும் பூஜ்ஜியம் காட்டுகின்றனவா என்று பாருங்கள். அரை டிகிரி, ஒரு டிகிரி வேறுபாடு சாதாரணமாகவே இருக்கும். அதைக் குறித்துவைத்துக் கழித்துக்கொண்டால் போதும்.

அகச்சிவப்பு வெப்பமானியில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். அதிலிருந்து வரும் சிவப்பு லேசர் புள்ளி குறி பார்ப்பதற்கு மட்டுமே. அளப்பது லேசர் அல்ல. கருவியின் பார்வை கூம்பாக விரியும். 12-க்கு 1 என்று குறித்திருந்தால் 12 மீட்டர் தொலைவில் 1 மீட்டர் வட்டம் முழுவதன் சராசரியையே அது காட்டும். மூன்றாவதாக, அறைக்குள்ளிருந்து எடுத்துவந்த கருவியை அரைமணி நேரம் வெளியில் வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். இல்லையெனில் அதன் உட்பகுதியின் சூடே எண்ணைக் கெடுத்துவிடும்.

8. மொட்டை மாடியில் ஒரு முழுச் சோதனை

மூன்றாம் கண்ணியின் ஒரு பகுதியை இங்கே சோதிக்கலாம். வானம் கீழ்நோக்கி அகச்சிவப்புக் கதிர் அனுப்புகிறதா என்பதே கேள்வி. தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவு இதற்கு ஏற்றது.

கணிப்பு இதுதான். காற்றிலுள்ள வாயுக்கள் கதிர்வீசுகின்றன என்றால், தலைக்கு நேர் மேலே பார்க்கும்போது கதிர் வரும் காற்றுப்பாதை குறுகியது, எண் குறைவாக இருக்கும். தொடுவானை நோக்கிச் சாய்க்கச் சாய்க்கப் பாதை நீளும், எண் ஏற வேண்டும். மேகம் வந்தால் எண் சட்டென்று உயர வேண்டும். போட்டி விளக்கம், கருவி தன்னைச் சுற்றியுள்ள காற்றின் சூட்டையே காட்டுகிறது என்பது. அப்படியானால் எத்திசையிலும் ஒரே எண் வர வேண்டும். இரண்டும் தெளிவாகப் பிரிந்துவிட்டன, இனி அளக்கலாம்.

நேர் மேலே, பிறகு 30 டிகிரி, 45 டிகிரி, 60 டிகிரி சாய்த்து ஒவ்வொன்றிலும் ஐந்து முறை அளவெடுங்கள். கோணமானியில் கட்டிய நூலும் ஒரு சிறு கல்லும் சாய்வைக் காட்டப் போதும். தண்ணீர்த் தொட்டி, தென்னை ஓலை, பக்கத்து வீட்டுச் சுவர் எதுவும் கூம்புக்குள் வரக்கூடாது. முதன்முறை செய்த ஒரு குழுவுக்கு ஒரு பக்கம் மட்டும் எண் ஏறியது. அந்தப் பக்கம் பகலெல்லாம் காய்ந்த பாறைக்குன்று இருந்ததைக் காலையில்தான் கவனித்தார்கள்.

நேர் மேலே காட்டும் எண் மாடியின் காற்றைவிட மிகக் குறைவாக இருக்கும், சாய்க்கச் சாய்க்க ஏறும். முதன்முறை பார்க்கும் மாணவரின் முகத்தில் வரும் வியப்பை நான் இன்றுவரை சலிக்காமல் பார்க்கிறேன். வாய்ப்புள்ளவர்கள் இதையே ஜவ்வாது மலையில், காவலூர்ப் பக்கம் சென்று செய்யலாம். வானியல் ஆய்வகம் அமைந்துள்ள அப்பகுதி ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலுள்ள நீராவி குறைவதால் அங்கே எண் இன்னும் இறங்க வேண்டும் என்று முன்பே எழுதிவிட்டுப் புறப்படுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இது கார்பன் டை ஆக்சைடுக்கான சோதனை அல்ல. இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரையிலான அலைநீளத்தையே பார்க்கின்றன; கார்பன் டை ஆக்சைடு வலுவாக உட்கவர்வதோ 15 மைக்ரானை ஒட்டி. நீங்கள் அளப்பது பெரும்பாலும் நீராவியையும் மேகத்தையும்தான். கார்பன் டை ஆக்சைடைத் தனியே காண அலைநீளம் வாரியாகப் பிரித்தளக்கும் கருவி வேண்டும். அமெரிக்காவில் ஓக்லஹோமாவிலும் அலாஸ்காவிலும் அத்தகைய கருவிகளால் 2000 முதல் 2010 வரை அளந்து, கார்பன் டை ஆக்சைடு பெருகியதால் தரையை நோக்கி வரும் ஆற்றல் பத்தாண்டுக்குச் சதுர மீட்டருக்கு 0.2 வாட் கூடியதாக 2015-ல் வெளியிட்டனர். விண்வெளியிலிருந்து 1970-லும் 1997-லும் எடுத்த அளவீடுகளை ஒப்பிட்ட 2001 ஆய்வும், கார்பன் டை ஆக்சைடுக்கும் மீத்தேனுக்கும் உரிய அலைநீளங்களில் வெளியேறும் கதிர் குறைந்திருப்பதைக் காட்டியது.

9. முடிவு பொருந்தாவிட்டால் எந்த வரிசையில் சந்தேகிப்பது

முதலில் கருவி, அடுத்து கணக்கு, அடுத்து துணை அனுமானங்கள், இறுதியாகக் கோட்பாடு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கருவியில் பிழை என்று சொன்னால் அப்பிழையை வேறொரு வழியில் காட்ட வேண்டும். காட்டாமல் கருவியைக் குறைசொல்வது தப்பித்தல்.

1990-களில், செயற்கைக்கோள் அளவீடுகள் கீழடுக்கு சூடாகவில்லை என்று காட்டின. கோட்பாட்டுக்கு இது உண்மையான நெருக்கடி. பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு, செயற்கைக்கோள்கள் மெல்லத் தாழ்ந்துவருவதைக் கணக்கில் கொள்ளவில்லை என்று 1998-லும், அவை ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் நகர்வதற்கான திருத்தத்தில் பிழை என்று 2005-லும் கண்டறிந்தனர். சுற்றுப்பாதை தாழ்ந்ததைத் தனியே அளந்து காட்ட முடிந்ததால்தான் அத்திருத்தம் ஏற்கப்பட்டது.

துணை அனுமானம் தவறியதற்கு ஸ்வீடன் இயற்பியலாளர் ஓங்ஸ்ட்ரோம் 1900-ல் எழுப்பிய மறுப்பு நல்ல எடுத்துக்காட்டு. ஆய்வகத்தில் ஒரு குழாயில் அடைத்த கார்பன் டை ஆக்சைடின் அளவை மாற்றியும் உட்கவர்தல் அதிகம் மாறாததால், மேலும் சேர்ப்பது பயனற்றது என்று அவர் முடிவுகட்டினார். குழாயின் அளவீட்டில் பெரிய குறையில்லை. வளிமண்டலம் ஒரே சீரான குழாய் என்ற அனுமானத்தில்தான் குறை. கீழே உட்கவர்தல் நிறைந்துவிட்டாலும், மெல்லிய, குளிர்ந்த மேலடுக்கில் அது நிறைவதில்லை. அலைநீளப் பட்டையின் ஓரங்களிலும் நிறைவதில்லை. கதிர் தப்பும் உயரம் ஏறிக்கொண்டேதான் போகும். நான்காம் கண்ணியை எழுதிவைத்தவருக்கு இந்த மறுப்பின் விடை கையிலேயே இருக்கிறது.

10. கோட்பாடு பிறந்த இடத்துக்கு வெளியே அதை அழைத்துச் செல்லுங்கள்

எந்தத் தரவைக் கொண்டு கோட்பாடு அமைந்ததோ, அதே தரவால் சோதிப்பது சோதனையாகாது. வெள்ளி சூரியனுக்கு நெருங்கிய கோள்தான். ஆனால் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதால் பூமியைவிடக் குறைந்த ஆற்றலையே ஏற்கிறது. ஆயினும் அதன் தரை ஏறத்தாழ 460 டிகிரியில் கொதிக்கிறது. அதன் அடர்ந்த வளிமண்டலத்தில் 96 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு.

வேறு வாயுவுக்கும் கொண்டுபோகலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. இராமநாதன், குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களும் வலுவான பசுமை இல்ல வாயுக்களே என்பதை 1975-ல் கணக்கிட்டுக் காட்டினார். இயற்கையில் இல்லாத வாயுவுக்கும் அதே இயற்பியல் பொருந்த வேண்டும் என்பதே அங்கு வைக்கப்பட்ட சோதனை.

11. முடிவை எழுதும் முறை

‘நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதாதீர்கள். எந்தக் கண்ணியை, எந்தப் போட்டி விளக்கத்துக்கு எதிராக, எவ்வளவு பிழையெல்லையுடன் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். மொட்டை மாடிச் சோதனையின் முடிவு ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: ‘தெளிந்த இரவில் வானத்திலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர், 8 முதல் 14 மைக்ரான் எல்லையில், சாய்வு கூடக் கூட அதிகரித்தது. கருவி சுற்றுக்காற்றின் வெப்பநிலையையே காட்டுகிறது என்ற விளக்கம் இதனோடு பொருந்தவில்லை. கார்பன் டை ஆக்சைடைப் பற்றி இச்சோதனை எதுவும் கூறவில்லை.’

கடைசி வாக்கியத்தை எழுத மாணவர்கள் தயங்குவார்கள். மதிப்பெண் குறையும் என்று ஆசிரியர்களும் சில வேளைகளில் அதை அடித்துவிடுவதுண்டு. அதை அடிக்க விடாதீர்கள். அடுத்து அதே மாடியில் சோதனையைத் தொடரும் மாணவர், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்த ஒரு வரியிலிருந்துதான் அறிந்துகொள்வார்.